சுழலும் சக்கரம், நகராத ஜீப்

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில், வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது மேற்கே பார்த்தால், அடிவானத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது மேற்குத் தொடர்ச்சி மலை. இந்தப் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிக்கொண்டு, விடிவதற்கு முன்பே ஜீப்புகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக மேலே போய்விடும். சனி, ஞாயிறுகளில் இன்னொரு கூட்டமும் மலைக்குக் கிளம்புகிறது. இரவு கூடாரத்தில் தங்கி, விடியலில் மேகத்துக்கு மேலே சூரியன் எழுவதைப் பார்க்கக் கொழுக்குமலைக்குப் போகிறவர்கள் இவர்கள். கொழுக்குமலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் ஜீப் ஏறும் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் தொடங்குகிறது; நம் மாவட்டத்து மலைக்கு அடுத்த மாநிலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. கல்லும் குழியுமான அந்தப் பாதையில் சாதாரணக் கார் ஏறாது. ஜீப்பே சில இடங்களில் திணறும். பின்சக்கரம் ஒன்று ஈரக் குழியில் இறங்கிவிட, இன்ஜின் உறுமுகிறது. குழிக்குள் இருக்கும் சக்கரம் சேற்றை வாரியடித்துச் சுழல்கிறது. காய்ந்த பாறையின் மேல் உறுதியாக நிற்கும் மறு சக்கரமோ அசையவே இல்லை. பார்க்கிறவர்களுக்கு இது புதிராகத்தான் இருக்கும். நல்ல தரையில் நிற்கும் சக்கரம் இழுக்காமல் சும்மா இருக்க, வழுக்கும் இடத்தில் இருப்பது மட்டும் ஏன் இப்படி ஆவேசமாகச் சுற்றுகிறது?

உடனே கிடைக்கும் பதில், 'வண்டிக்குத் தெம்பு பத்தல' என்பது. மலையேற ஆசைப்பட்டுப் புது வண்டி வாங்குகிறவர்களும் முதலில் பார்ப்பது குதிரைத்திறனைத்தான். ஒரு சிறிய கணக்கு இதைச் சோதித்துவிடும். ஏழு பேரோடும் மூட்டைகளோடும் ஒரு ஜீப்பின் எடை 1,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மூன்று அடி முன்னே போனால் ஒரு அடி உயரும் சரிவு. இது போடிமெட்டுத் தார்ச்சாலையைவிட மிகக் கடுமையானது. வேகம், மனிதன் நடக்கும் வேகமான மணிக்கு 5 கிலோமீட்டர். இந்தச் சரிவில் இந்த எடையை இந்த வேகத்தில் மேலே தூக்கத் தேவைப்படுவது பத்துப் பதினோரு குதிரைத்திறன். கரடுமுரடான தரையில் டயர் நசுங்கி உருளும் செலவையும் சேர்த்தால் பதினைந்து ஆகலாம். 1941இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த வில்லிஸ் ஜீப்பின் இன்ஜின் 60 குதிரைத்திறன் கொண்டது. 1947இல் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டத் தொடங்கியது அந்த வில்லிஸ் ஜீப்பைத்தான்; நம் மலைப்பாதைகளில் ஓடிய பழைய ஜீப்புகள் அதன் வாரிசுகள். ஆக, தேவையைப்போல் நான்கு மடங்குத் திறன் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. கணக்கே இல்லாமலும் இதைச் சொல்லிவிடலாம். சக்கரம் சுழல்கிறது என்பதே இன்ஜினுக்குத் தெம்பு இருக்கிறது என்பதற்குச் சாட்சி. தெம்பு போதாத இன்ஜின் சக்கரத்தைச் சுழற்றாது, திணறி அணைந்துவிடும். இங்கே சக்கரம் தேவைக்கு மேலேயே சுற்றுகிறது. அந்தச் சுழற்சி வண்டியின் நகர்வாக மாறவில்லை, அவ்வளவுதான்.

மாற வேண்டிய இடம் டயரும் தரையும் தொடும் இடம். சக்கரம் தரையைப் பின்னால் தள்ளுகிறது. தரை அதே அளவு விசையோடு வண்டியை முன்னால் தள்ளுகிறது. உண்மையில் வண்டியை மலையேற்றுவது தரையின் இந்தத் தள்ளல்தான். தரை எவ்வளவு தள்ளித் தரும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. டிரைவர்கள் அதைக் 'கிரிப்' என்பார்கள். பிடிமானம் என்று சொல்லலாம். இந்த எல்லை, சக்கரத்தின் மேல் அழுத்தும் எடைக்கு ஏற்றபடி கூடிக் குறையும் என்று 1699இல் பிரான்சின் அமொந்தோன் எழுதிவைத்தார். காய்ந்த பாறையில் ரப்பரின் பிடிமானம் எடையில் முக்கால் பங்குவரை போகும். உதிரிச் சரளையில் பாதியோ அதற்கும் குறைவோ. ஈரக் களிமண்ணில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாமல் போகலாம். நாம் எடுத்துக்கொண்ட சரிவில் ஏற, வண்டியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தள்ளல் வேண்டும். நான்கு சக்கரமும் இயங்கினால் சரளையிலேயே அது கிடைத்துவிடும். பின்சக்கரங்கள் மட்டும் இயங்கினால், அவற்றின் மேல் இருக்கும் எடை மட்டும்தான் பயன்படும். ஏற்றத்தில் அது மொத்த எடையில் அறுபது சதவீதம் என்று கொண்டால்கூட, அந்தப் பங்கிலிருந்தே பாதிக்கு மேல் கறக்க வேண்டியிருக்கும். சரளை அவ்வளவு தராது. ஃபோர் வீல் டிரைவ் இன்ஜினுக்குத் துளி வலுவும் சேர்ப்பதில்லை. வண்டியின் முழு எடையையும் பிடிமானமாக மாற்றிக்கொள்ள வழிசெய்கிறது என்பதே அதன் பயன்.

அப்படியென்றால் பாறைமேல் நிற்கும் சக்கரத்தின் எடை ஏன் பயன்படாமல் போகிறது? காரணம் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, அச்சுக் கூட்டுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் வண்டி அரைவட்டம் அடிக்கிறது. அப்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிடச் சுமார் 4.4 மீட்டர் கூடுதலாக உருள வேண்டும். வளைவு அகலமானதா குறுகலானதா என்பதைப் பொறுத்து இந்த வித்தியாசம் மாறுவதில்லை. இரு சக்கரங்களுக்கும் இடையிலுள்ள தூரம் மட்டுமே இதைத் தீர்மானிக்கிறது. இரண்டையும் ஒரே இரும்புக் கம்பியில் இறுக்கிவிட்டால், ஏதாவது ஒன்று தார்மேல் தேய்ந்துகொண்டே வர வேண்டும். இதற்காகத்தான் ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழல அனுமதிக்கும் பல்லிணைப்பை, 1820களின் இறுதியில் பிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்கென்று காப்புரிமை பெற்று வைத்தார். வேகம் வேறுபடலாம் என்று விட்டுக்கொடுத்த அந்த அமைப்பு, ஒரு விஷயத்தில் கறாராக இருக்கிறது: இரு சக்கரங்களுக்கும் போகும் முறுக்குவிசை எப்போதும் சமம்.

நடுவில் ஒரே கயிற்றால் பூட்டிய நுகத்தடியை நினைத்துப் பாருங்கள். இரண்டு மாடும் சமமாக இழுக்கும்வரை நுகம் நேராக நிற்கும், வண்டி நகரும். ஒரு மாடு கால் வழுக்கித் தளர்ந்தால், மற்ற மாடு எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் அதன் இழுப்பு நுகத்தைத் திருப்பிவிடத்தான் உதவும். வண்டிக்குப் போய்ச் சேராது. தளர்ந்த மாடு எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுதான் வலுவான மாட்டாலும் இழுக்க முடியும். டிஃபரன்ஷியலும் இப்படித்தான். குழிக்குள் வழுக்கும் சக்கரத்தை எதிர்க்க ஒன்றும் இல்லை. அதைச் சுழற்றச் சொற்ப விசை போதும். அந்தச் சொற்ப விசைதான் பாறைமேல் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கிறது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும், கூடுவது வழுக்கும் சக்கரத்தின் வேகம் மட்டுமே.

'ஃபோர் வீல் போட்டால் சரியாகிவிடாதா?' என்று கேட்கலாம். பாதிதான் சரியாகும். சாதாரண ஜீப்பில் ஃபோர் வீல் கம்பியைத் தள்ளும்போது முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று இறுகிக்கொள்கின்றன. ஆனால் ஒவ்வோர் அச்சிலும் அதனதன் டிஃபரன்ஷியல் அப்படியேதான் இருக்கிறது. முன் இடதும் பின் வலதும் ஒரே நேரத்தில் குழியின் மேல் தொங்கினால் இரண்டு நுகமும் திரும்பிவிடும். நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டி, இரண்டு சக்கரம் சுழல இரண்டு சக்கரம் நிற்க, அங்கேயே கிடக்கும். மழை அரித்த மலைப்பாதையில் மேடும் பள்ளமும் மாறி மாறி வருவதால் இந்தக் குறுக்குத் தொங்கல் அன்றாடம் நடப்பது. இதற்கு விடை கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களிலேயே இருக்கிறது. டிராக்டரில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் மிதி உண்டு. சேற்றில் ஒரு பக்கம் சுழன்றால் ஓட்டுநர் அந்தப் பக்கத்து பிரேக்கை மட்டும் அமுக்குவார். சுழலும் சக்கரம் இப்போது எதிர்க்கிறது. அதை எதிர்த்துச் சுழற்ற விசை கூட வேண்டியிருக்கிறது. சம அளவு மறு பக்கத்துக்கும் போய்விடுகிறது. புது ஜீப்புகளில் கணினி செய்வதும் இதையேதான். பழைய ஜீப்பில் கால் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஆக்சிலரேட்டர் கொடுத்தால் போதும் என்று ஒரு யோசனை சொல்லப்படுவதுண்டு. அந்த மிதி நல்ல சக்கரத்தையும் அதே அளவுக்குப் பிடித்து வைக்கும் என்பதால், கூட்டிக் கழித்தால் அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. டிராக்டரில் இருக்கும் லாக் மிதியை அமுக்கி இரு சக்கரங்களையும் இறுக்கிவிடுவது நேரான வழி. தார்ச்சாலைக்கு வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை தரையை நாம் ஒரு மாறாத பலகைபோல் எண்ணிவிட்டோம். பாறையைத் தவிர எங்கும் அது பலகை இல்லை. மண்ணில் வண்டி வழுக்கும்போது பெரும்பாலும் ரப்பர் மண்மேல் வழுக்குவதில்லை. டயரின் பள்ளங்களில் சிக்கிய மண், கீழே உள்ள மண்ணிலிருந்து பிய்ந்து வருகிறது. ஆகவே கேட்க வேண்டியது, மண் எவ்வளவு இழுப்புக்கு அறுபடும் என்பது. இதற்கு முதலில் தெளிவான பதில் சொன்னவர் ராணுவப் பொறியாளராக இருந்த கூலோம். மின்னூட்ட விதிக்காக நாம் பள்ளியில் படிக்கும் அதே கூலோம்தான். மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டிய அனுபவத்தோடு, மண்ணைத் தாங்கும் சுவர்கள் பற்றி 1773இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அவர் ஓர் ஆய்வுரை அளித்தார். மண்ணின் உறுதிக்கு இரண்டு பகுதி உண்டு என்பது அதன் சாரம். ஒன்று ஒட்டுமை: துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பது, மேலே எடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இருக்கும், பரப்பு கூடினால் கூடும். இன்னொன்று உள்ளுராய்வு: துகளோடு துகள் உரசுவது, மேலே அழுத்தும் எடை கூடினால் கூடும். முல்லையாற்று மணலைக் காயவைத்துக் குவித்தால், குவியலின் சரிவு முப்பது சொச்சம் டிகிரிக்கு மேல் நிற்காது, சரிந்துவிடும். ஒட்டுமை இல்லாத மண்ணின் உள்ளுராய்வை அந்தக் கோணம் அப்படியே காட்டிவிடுகிறது. நனைந்து ஊறிய களிமண் இதற்கு நேர்மாறு. அதன் நுண்துளைகளில் நிறைந்த தண்ணீரால் உடனே வெளியேற முடியாது. வண்டியின் எடையைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது, துகள்கள் உரசுவதில்லை. மிஞ்சுவது ஒட்டுமை மட்டும். எனவே காய்ந்த மணலில் எடை ஏற்றினால் பிடிமானம் கூடும். ஊறிய களிமண்ணில் எத்தனை மூட்டை ஏற்றினாலும் கூடாது, அங்கே டயர் தொடும் பரப்பைத்தான் பெருக்க வேண்டும். பின்னால் நான்கு பேர் ஏறி நின்றால் வண்டி வந்துவிடும் என்கிற பழக்கம் ஒரு நாள் பலித்து மறு நாள் பலிக்காமல் போவது இதனால்தான்.

பரப்பைப் பெருக்கப் புது டயர் வாங்க வேண்டியதில்லை. காற்றடைத்த டயர் தரையைத் தொடும் பரப்பு, அதன்மேல் இருக்கும் எடையை உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தால் வகுத்தால் வருவதற்கு ஏறத்தாழச் சமம். நம் ஜீப்பின் ஒரு சக்கரத்தின்மேல் 450 கிலோ. டயரில் 30 பவுண்டு காற்று இருந்தால் 210 சதுர சென்டிமீட்டரையொட்டிய பரப்பு தரையில் படும். 15 பவுண்டுக்கு இறக்கினால் பரப்பு இரட்டிக்கும். இதைப் பாலைவனத்தில் முறையாகச் சோதித்துக் காட்டியவர் ரால்ஃப் பேக்னோல்டு. எகிப்தில் பணியாற்றிய இந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, 1920களின் இறுதியில் விடுமுறை நாட்களில் நண்பர்களோடு சாதாரண ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் போனார். வார இறுதிப் பயணங்களின் மூதாதை என்று அவரைச் சொன்னால் தவறில்லை. அந்தக் கார்களுக்கு ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. டயரில் காற்றைக் குறைப்பது, புதைந்த சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு கொடுப்பது, இவை இரண்டும் அவருக்குக் கைகொடுத்தன. எந்த மணல் தாங்கும், எது விழுங்கும் என்றும் அவர் கவனித்தார். காற்று துகள் துகளாகக் கொண்டுவந்து பதித்த மணல் கெட்டியாக நிற்கிறது. குன்றின் மறுபக்கம் சரிந்து விழுந்து குவிந்த மணல் தளர்வாக இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஊர் திரும்பிக் காற்றுச் சுரங்கம் அமைத்து ஆராய்ந்து 1941இல் அவர் வெளியிட்ட மணல் இயற்பியல் நூல், செவ்வாய்க் கோளின் மணற்குன்றுகளை ஆராய்கிறவர்களுக்கும் அடிப்படையாக இருக்கிறது.

பாலைவனத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு நியாயமான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். வளைகுடா நாடுகளில் மணற்குன்று ஏறுகிறவர்கள் பெரிய இன்ஜின் வண்டிகளைத்தானே விரும்புகிறார்கள்? விரும்புவதில் காரணம் உண்டு. உதிர்ந்த மணலில் சக்கரம் எப்போதும் தான் தோண்டிய பள்ளத்திலிருந்தே ஏறிக்கொண்டிருக்கிறது. உருளும் செலவு பாறையில் உள்ளதைப்போல் பல மடங்கு. குன்றின் உச்சிவரை வேகம் குறையாமல் போனால்தான் புதையாமல் தப்பலாம். வேகம் என்றால் குதிரைத்திறன் வேண்டும். எனவே தரைதான் எல்லை என்ற வாதத்துக்கு மணற்குன்று ஓரளவு விலக்கு. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் மணற்குன்று இல்லை. அந்த ஊர் வண்டிக்குச் சொன்ன இலக்கணத்தைக் கொழுக்குமலைப் பாறைக்குக் கொண்டுவருவது, விளம்பரப் படங்கள் செய்கிற குழப்பம். மணலிலேயேகூட வேகம் தீர்ந்து வண்டி ஒருமுறை நின்றுவிட்டால், அதன் பிறகு குதிரைத்திறன் செய்வது குழியை ஆழமாக்குவது மட்டுமே.

இதைவிடத் தெளிவான சான்று பூமிக்கு வெளியே கிடைத்தது. நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி 2004இல் செவ்வாயில் இறங்கியது. அதற்கு ஆறு சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். டிஃபரன்ஷியல் பங்கீட்டுச் சிக்கல் அதன் சக்கரங்களுக்கு இல்லை. 2006இல் ஒரு சக்கரம் பழுதான பிறகும் அதை இழுத்துக்கொண்டே நகர்ந்தது. 2009இல் மெல்லிய மேலோடு ஒன்று உடைந்து, அடியில் இருந்த உதிரி மண்ணுக்குள் சக்கரங்கள் இறங்கின. பூமியில் அதே அச்சான இன்னொரு ஊர்தியை மண் தொட்டியில் விட்டு, எப்படி மீட்கலாம் என்று பொறியாளர்கள் மாதக்கணக்கில் சோதித்தார்கள். அதற்குள் இன்னொரு சக்கரமும் கெட்டது. 2010 ஜனவரியில் மீட்பு முயற்சி கைவிடப்பட்டது. எல்லாச் சக்கரத்துக்கும் விசை போனாலும், அறுபட்டுப்போகும் மண்ணிடம் வாங்குவதற்கு எதுவும் இல்லை.

இன்ஜின் முக்கியமில்லை என்றால், வழக்கமான கியர்களுக்கு மேல் ஜீப்பில் கூடுதலாக இருக்கும் லோ கியர் எதற்கு என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. லோ கியர் விசையை இரண்டு, இரண்டரை மடங்கு ஆக்குகிறது என்பது உண்மை. ஆனால் முதல் கியரோடு அதைச் சேர்த்தால், பழைய ஜீப்பின் இன்ஜினே சரளை தாங்குவதைவிட அதிகமாகத் தந்துவிடும். அதற்கு மேல் கிடைப்பதை என்ன செய்வது? அதன் உண்மையான பயன் பதத்தில் இருக்கிறது. நடை வேகத்தில், கிளட்சை மிதிக்காமல், சக்கரம் வழுக்கத் தொடங்கும் எல்லைக்குச் சற்றுக் கீழேயே விசையை வைத்துக்கொள்ள அது இடம் தருகிறது. கெட்டித் தரையில் வழுக்கத் தொடங்கிவிட்ட ரப்பருக்கு வழுக்காத ரப்பரைவிடப் பிடிமானம் குறைவு. எல்லையைத் தாண்டினால் இழப்புதான். இறக்கத்தில் லோ கியர் இன்னும் உதவும், இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஃபோர் வீல் வண்டி ஏற்றத்தில்தான் மற்ற வண்டிகளைவிட மேலானது. பிரேக் எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரத்திலும் இருக்கிறது. ஏறிவிட்ட தைரியத்தில் அதே ஈரச் சரிவில் வேகமாக இறங்குகிறவர், தன் வண்டியிடம் இல்லாத ஒன்றை நம்புகிறார்.

அறுபட்ட மண் திரும்ப ஒட்டுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு சக்கரம் சுழன்று பிய்த்துப்போட்ட இடத்தில் அடுத்த மழை ஓடும், தடம் வாய்க்காலாகும், அடுத்த வாரம் வரும் வண்டி பள்ளத்தைத் தவிர்க்கப் பக்கத்துப் புல்லில் ஏறும். ஒரு பாதை மூன்று பாதையாக அகலும் விதம் இதுதான். காற்றைக் குறைத்து, சுழலவிடாமல், மெதுவாகப் போகிற வண்டி தனக்கு நல்லதைச் செய்துகொள்ளும்போதே பாதைக்கும் குறைந்த சேதம் செய்கிறது.

காற்றைக் குறைக்கச் சொன்னதும், கீழே இறங்கினால் வெயிலில் அது தானாகக் கூடிவிடாதா என்று வரும் சந்தேகத்துக்கு விடை வேடிக்கையானது. பள்ளத்தாக்கின் 38 டிகிரி வெயிலில் 30 பவுண்டு வைத்துக் கிளம்புகிறோம். ஏழாயிரம் அடி உயரத்தில் விடியற்காலையில், கூடாரத்துக்கு வெளியே 10 டிகிரி. குளிரில் டயர்க் காற்று சுருங்கும், அளவுமானி தாழ்த்திக் காட்டும் என்று எதிர்பார்ப்போம். குளிரால் மட்டும் சுமார் 4 பவுண்டு குறைய வேண்டும். ஆனால் அளவுமானி காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் வளிமண்டல அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. அந்த உயரத்தில் வெளிக்காற்று மெலிந்திருப்பதால் சுமார் 3 பவுண்டு கூடிக் காட்டும். மொத்தத்தில் 29. இறங்கும்போதும் இதே இரண்டு காரணங்களும் எதிரெதிராக இழுத்துக்கொள்ளும். மேலே 18 வைத்திருந்தால் கீழேயும் கிட்டத்தட்ட 18தான். ஆகவே இறங்கினால் வெயிலில் தானாகக் காற்று ஏறிவிடும் என்று விட்டுவிட முடியாது. 18 பவுண்டோடு தார்ச்சாலையில் வேகமெடுத்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்ந்து சூடேறும். பூப்பாறையைத் தாண்டிப் போடிமெட்டு இறக்கத்தில் அந்தச் சூடு ஆபத்தான அளவுக்குப் போகலாம். சூரியநெல்லியில் தார் தொடங்கும் இடத்திலேயே வண்டியை நிறுத்தி, நான்கு டயருக்கும் காற்றடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.